ஓர் ஆக்சிஜன் இடம் மாறினால்: ஜிப்ரலின் பற்றிய வாசகர் கேள்விகள்

நெல், கோதுமை, பார்லி மூன்றின் முளைப்பையும் உயரத்தையும் ஆட்டிவைக்கும் ஹார்மோன் ஜிப்ரலின். அதன் வேதிக் கட்டமைப்புக்கும் மரபணுக்கள் விழித்துக்கொள்வதற்கும் என்ன தொடர்பு என்பதை மாணவர், ஆசிரியர், விதை உற்பத்தியாளர் என ஆளுக்கொரு பக்கத்திலிருந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒன்றின் பதில் இன்னொன்றுக்குத் தேவைப்படுவதால் கடிதங்கள் வந்த வரிசையை மாற்றியிருக்கிறோம்.

கேள்வி: ஜிப்ரலின்கள் 130க்கும் மேல் என்கிறார்கள். ஆனால் பயிரில் நேரடியாக வேலை செய்பவை ஜிஏ1, ஜிஏ3, ஜிஏ4, ஜிஏ7 என நாலே நாலுதானாம். எல்லாவற்றுக்கும் வளையக் கூடு ஒன்றுதானே? மற்றவை ஏன் சும்மா இருக்கின்றன?
— முதுகலைத் தாவரவியல் மாணவி, திருச்சி

கூடு ஒன்றுதான். அதன் மேல் எது எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். ஆறு, ஐந்து, ஆறு, ஐந்து கார்பன் கொண்ட நாலு வளையங்களைக் கோத்தது போன்ற உடம்பு. முதல் வளையத்தின் 4ஆம் கார்பனையும் 10ஆம் கார்பனையும் பாலம்போல் இணைக்கும் லாக்டோன் வளையம் ஒன்று. 6ஆம் கார்பனில் தொங்கும் கார்பாக்சில் அமிலத் தொகுதி. 3ஆம் கார்பனில் பீட்டா பக்கம் (வளையத் தளத்தின் இரு பக்கங்களில் ஒன்று) நோக்கிய ஹைட்ராக்சில். இந்த மூன்றும் இருக்க வேண்டும்; 2ஆம் கார்பனில் பீட்டா ஹைட்ராக்சில் இருக்கக் கூடாது. நாலும் கூடிவந்தால்தான் அது ஹார்மோன். மற்றவற்றில் பெரும்பாலானவை தயாரிப்பில் பாதி வழியில் நிற்பவை, இல்லாவிட்டால் வேலை முடிந்து ஒதுக்கப்பட்டவை.

நெல் செடிக்குள் நடப்பதையே பாருங்கள். ஜிஏ20க்கு 3ஆம் கார்பனில் ஹைட்ராக்சில் கிடையாது. அதனால் அது வெறும் மூலப்பொருள். 3-ஆக்சிடேஸ் என்ற நொதி அங்கே ஓர் ஆக்சிஜனைச் செருகியதும் ஜிஏ1 ஆகிறது, செடி நீளத் தொடங்குகிறது. பிறகு 2-ஆக்சிடேஸ் வந்து பக்கத்திலேயே இருக்கும் 2ஆம் கார்பனில் இன்னோர் ஆக்சிஜனைச் செருகினால் ஜிஏ8 ஆகிறது. அதோடு கதை முடிந்தது.

ஏன் இத்தனை கறார் என்றால், ஹார்மோன் போய் உட்காரும் ஏற்பியின் குழி அப்படி. ஜிஐடி1 என்ற அந்த ஏற்பியை 2005இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழு நெல்லில்தான் கண்டுபிடித்தது. 2008இல் அதன் படிக அமைப்பும் வெளிவந்தது. கார்பாக்சில் தொகுதி குழியின் அடியில் ஹைட்ரஜன் பிணைப்புகளால் கட்டுண்டு நிற்கிறது. 3ஆம் கார்பனின் ஹைட்ராக்சில் ஒரு டைரோசின் அமினோ அமிலத்தைப் பிடித்துக்கொள்கிறது. 2ஆம் கார்பனில் பீட்டா பக்கம் ஏதாவது முளைத்திருந்தால் அந்தப் பக்கத்தில் அதற்கு இடமில்லை, இடிக்கும். ஹார்மோன் சரியாக அமர்ந்தபின் ஏற்பியின் முன்முனை மூடிபோல் கவிழ்ந்து குழியை அடைத்துவிடுகிறது. இந்த மூடியை மறக்காதீர்கள், அடுத்த பதிலில் வரும்.

இதைக் கண்ணால் பார்க்க ஜப்பானியர் பழைய குட்டை நெல் ரகங்கள் இரண்டைப் பயன்படுத்தினார்கள். தான்-கின்போசு ரகத்துக்கு ஜிப்ரலின் தயாரிப்பின் தொடக்கப் படியிலேயே கோளாறு. வைடோ-சி ரகத்துக்குக் கடைசிப் படியான 3-ஆக்சிடேஸில் கோளாறு. நாற்றின் இரண்டாம் இலைக் கக்கத்தில் ஒரு மைக்ரோலிட்டர் துளி வைத்து, மூன்று நாள் கழித்து இலையுறையை அளப்பார்கள். ஜிஏ1 துளி வைத்தால் இரண்டு ரகமும் நீளும். ஜிஏ20 துளி வைத்தால் தான்-கின்போசு நீளும்; வைடோ-சி அப்படியே நிற்கும், ஏனென்றால் 3ஆம் இடத்தில் ஆக்சிஜன் வைக்க அதனிடம் ஆளில்லை. ஒரே ஓர் அணு வித்தியாசத்தை அடிக்கோல் வைத்து அளக்கும் பரிசோதனை இது.

கேள்வி: ஜிப்ரலின் உட்கருவுக்குள் போய் டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு மரபணுவை இயக்குகிறதா?
— போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர், விருதுநகர்

ஒட்டுவதில்லை. டிஎன்ஏவைத் தொடுவதே இல்லை. உட்கருவில் டெல்லா வகைப் புரதம் ஒன்று மரபணுக்கள் மேல் பிரேக் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதை அப்புறப்படுத்துவதுதான் ஜிப்ரலினின் வேலை. நெல்லில் அதன் பெயர் எஸ்எல்ஆர்1, பார்லியில் எஸ்எல்என்1, கோதுமையில் ஆர்எச்டி1. ஆஸ்பார்டிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம், லூசின், லூசின், அலனின் என்ற ஐந்து அமினோ அமிலங்கள் அதன் முன்பகுதியில் தொடர்ந்து வருகின்றன. அவற்றின் ஒற்றை எழுத்துக் குறிகளைச் சேர்த்துப் படித்தால் 'டெல்லா'.

ஹார்மோனை வாங்கி மூடி கவிழ்ந்ததும் ஜிஐடி1இன் வெளிமுகம் மாறுகிறது. அந்தப் புதிய முகத்தில் டெல்லாவின் முன்பகுதி வந்து பொருந்துகிறது. இப்படிச் சிக்கிய டெல்லாவை ஜிஐடி2 என்ற புரதம் அடையாளம் கண்டு யூபிக்விட்டின் முத்திரை குத்த வைக்கிறது. முத்திரை விழுந்ததைப் புரோட்டியசோம் அரைத்துத் தள்ளிவிடும். பிரேக் போனதும், முளைக்கும் தானியத்தின் மாவுப் பகுதியைப் போர்த்தியிருக்கும் உயிருள்ள அலியூரோன் படலத்தில் ஜிஏமிப் என்ற புரதம் உற்பத்தியாகிறது. டிஎன்ஏவைத் தொடுவது இதுதான். ஆல்ஃபா அமைலேஸ் மரபணுவின் முன்னால் டி-ஏ-ஏ-சி-ஏ-ஏ-ஏ என்ற ஏழெழுத்து வரிசை இருக்கிறது. ஜிஏமிப் அதில் அமர்ந்ததும் மரபணு படியெடுக்கப்படுகிறது, அமைலேஸ் சுரந்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது.

பார்லி அலியூரோனில் ஜிஏமிப் ஆர்என்ஏ ஓரிரு மணி நேரத்தில் ஏறத் தொடங்கும். அமைலேஸ் ஆர்என்ஏ அதற்குப் பின்னால்தான் வரும். நொதி வெளியே கசிய ஏறத்தாழ 8 மணி நேரம் பிடிக்கும். புரத உற்பத்தியைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடு கலந்தால் ஜிஏமிப் ஆர்என்ஏ ஏறும், அமைலேஸ் ஆர்என்ஏ ஏறாது. நடுவில் ஒரு புரதம் புதிதாக உருவாகியே ஆக வேண்டும் என்பதற்கு அதுதான் சாட்சி. தேர்வில் இந்த இடத்தைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள்.

கேள்வி: கருமுளை நீக்கிய அரைத் தானியத்தில் ஜிப்ரலின் அமைலேஸைத் தூண்டுவதை வகுப்பில் காட்ட நினைத்தேன். மளிகைக் கடை பார்லி வாங்கிச் செய்தேன். அயோடின் ஊற்றியதும் தட்டு முழுக்க நீலம்; ஒரு வளையம்கூடத் தெளியவில்லை. என்ன பிழை?
— மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, நாமக்கல்

பார்லிதான் பிழை. கடையில் கிடைப்பது தீட்டிய பார்லி. தீட்டும்போது தவிட்டோடு அலியூரோன் படலமும் போய்விடுகிறது. மிஞ்சுவது வெறும் மாவுப் பகுதி. அதில் உயிருள்ள செல்லே கிடையாது, எந்த மரபணு விழிக்கப் போகிறது? பச்சரிசி, புழுங்கலரிசி இரண்டுக்கும் இதே கதி. 1960இல் ஆஸ்திரேலியாவில் பேலெக்கும் ஜப்பானில் யோமோவும் தனித்தனியே இதைக் காட்டியபோது கையில் இருந்தது முழுப் பார்லி. பிறகு ஆய்வகங்களில் நிலைத்தது உமியில்லாத ஹிமாலயா என்ற ரகம்.

நீங்கள் தீட்டாத முழுக் கோதுமை வாங்குங்கள். முதலில் இருபது மணியை ஈரத்துணியில் முடிந்து வைத்து முளைக்கிறதா என்று பாருங்கள். குறைந்தது பதினாறு மணிகளாவது முளைக்காத கோதுமையில் இந்தச் சோதனை வேண்டாம். இந்தியக் கோதுமை பெரும்பாலும் குட்டை ரகம் என்பதால் ஹார்மோனுக்குச் செவி சாய்க்காதோ என்று சந்தேகம் வரலாம். தண்டுதான் சாய்க்காது. அலியூரோன், கொஞ்சம் சுணங்கினாலும், வேலை செய்யும்.

உலர்ந்த மணியைக் கூரான பிளேடால் குறுக்கே வெட்டி, கருமுளை இருக்கும் பக்கத்தை எறிந்துவிடுங்கள். கருமுளையின் துணுக்கு ஒட்டியிருந்தாலும் அதுவே ஜிப்ரலின் சுரந்து, ஹார்மோன் போடாத தட்டிலும் வளையம் காட்டும். ஆகவே சரிபாதியில் வெட்டாமல் கருமுளைப் பக்கம் தாராளமாகவே போகட்டும். மிஞ்சிய அரைமணிகளை 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 20 நிமிடம் போட்டு, கொதித்து ஆறிய நீரில் ஐந்து முறை அலசுங்கள். கடையில் விற்கும் பிளீச்சிங் திரவம் 4 சதவீதமாக இருந்தால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். பிறகு சுத்தமான ஈர வடிதாளில் இரண்டு நாள் ஊறட்டும்.

தட்டுக்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் அகார் 20 கிராம், கரையும் மாவுச்சத்து 5 கிராம், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 1.47 கிராம். கால்சியத்தை விட்டுவிடாதீர்கள், அது இல்லாமல் ஆல்ஃபா அமைலேஸ் நிலைத்து நிற்காது. ஜிஏ3இன் மூலக்கூறு எடை 346.4. எனவே 35 மில்லிகிராமை 1 மில்லி ஆல்கஹாலில் கரைத்து 100 மில்லியாக நீரூற்றினால் 1 மில்லிமோலார். அதில் 1 மில்லி எடுத்து ஒரு லிட்டர் அகாரில் விட்டால் 1 மைக்ரோமோலார், அதுவே போதும். ஹார்மோன் போடாத தட்டில் அதே அளவு ஆல்கஹால் கலந்த நீர் விடுங்கள்.

பலர் சறுக்கும் இடம் இங்கேதான்: ஜிஏ3ஐ அகாரோடு சேர்த்துக் குக்கரில் வேகவைப்பது. சூட்டில் லாக்டோன் வளையம் பிரிந்து ஜிப்ரலெனிக் அமிலமாகிவிடும். வளையம் போனால் ஹார்மோனும் போயிற்று. அகார் கைபொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 50 டிகிரிக்கு, இறங்கியபின் கலக்குங்கள்.

வெட்டிய முகம் கீழே படும்படி அரைமணிகளை வைத்து 25–28 டிகிரியில் 48 மணி நேரம் விடுங்கள். பின் மணிகளை எடுத்துவிட்டு நீர்த்த அயோடின் கரைசல் ஊற்றினால் ஜிஏ3 தட்டில் நீலத்துக்கு நடுவே வெள்ளை வளையங்கள் தெரியும். ஹார்மோன் இல்லாத தட்டிலும் வளையம் வந்தால் இரண்டு காரணம்: கருமுளைத் துணுக்கு, அல்லது பாக்டீரியா. பாக்டீரியாவுக்கும் சொந்த அமைலேஸ் உண்டு. மணியைச் சுற்றி வழவழப்பும் புளித்த வாடையும் இருந்தால் பாக்டீரியாதான்.

கிடைத்தால் மூன்றாவது தட்டில் ஜிஏ3யோடு, அதற்கு எதிராக வேலை செய்யும் ஹார்மோனான அப்சிசிக் அமிலமும் 20 மைக்ரோமோலார் சேருங்கள், வளையம் வராது. அந்தப் பாட்டிலை வெயிலில் வைக்காதீர்கள். அப்சிசிக் அமிலத்தின் பக்கச் சங்கிலியில் ஓர் இரட்டைப் பிணைப்பு சிஸ் வடிவில் மடங்கியிருக்கும். புற ஊதா ஒளி பட்டால் அது டிரான்ஸாக நிமிர்ந்துவிடும், ஏற்பியில் உட்காராது. அணு ஒன்றுகூடக் குறையாமல், வெறும் மடிப்பு மாறியே செத்துப்போகும் ஹார்மோன்.

கேள்வி: வீரிய ஒட்டு நெல் விதை உற்பத்தியில் பெண் வரிசைக் கதிர் கண்ணாடி இலை (கதிருக்கு அடியிலுள்ள கடைசி இலை) உறைக்குள்ளேயே சிக்கி நிற்கிறது. ஜிப்ரலிக் அமிலம் 0.001 சதவீத பாட்டில் வாங்கி ஏக்கருக்கு அரை லிட்டர் அடித்தேன். ஒரு மாற்றமும் இல்லை. மருந்து போலியா?
— விதை உற்பத்தியாளர், ஈரோடு மாவட்டம்

மருந்தைச் சந்தேகிக்கும் முன் கணக்கைப் பார்ப்போம். 0.001 சதவீதம் என்றால் ஒரு லிட்டரில் 10 மில்லிகிராம். அரை லிட்டரில் 5 மில்லிகிராம். கதிர் வெளிவருவதற்குத் தேவை எக்டேருக்கு 50 கிராம், ஏக்கருக்கு 20 கிராம் ஜிஏ3 (ஜிப்ரலிக் அமிலம் என்பது இதுதான்). நீங்கள் கொடுத்தது நாலாயிரத்தில் ஒரு பங்கு. அந்தப் பாட்டிலை வைத்தே 20 கிராம் கொடுப்பதென்றால் ஏக்கருக்கு 2,000 லிட்டர் வாங்க வேண்டும்! அது சாதாரணப் பயிருக்கான நீர்த்த சரக்கு. விதை உற்பத்திக்கு 90 சதவீதத் தூள் வாங்குங்கள். 22 கிராம் போதும். 40 சதவீதக் குருணை என்றால் 50 கிராம்.

ஆண் மலட்டுப் பெண் வரிசையில் மேல் கணுவிடையில் செயல்படும் ஜிப்ரலின் குறைவு. அந்தக் கணுவிடை நீளாததால் கதிரின் அடிப்பகுதி உறைக்குள்ளேயே கிடக்கும். சிக்கிய பூக்களுக்கு மகரந்தம் எட்டாது. கதிரில் 20–30 சதவீதப் பூ இப்படி வீணாகலாம்.

தூள் தண்ணீரில் சட்டென்று கரையாது. கிராமுக்கு 25–40 மில்லி 70 சதவீத எத்தில் ஆல்கஹாலில் முதலில் கரைத்து, பிறகு தண்ணீரில் ஊற்றிக் கலக்குங்கள். நேராக டேங்கில் கொட்டினால் அடியில் மணல்போல் தங்கும், நாசில் அடைக்கும், முதல் டேங்க் வெறும் தண்ணீராகவும் கடைசி டேங்க் கடும் மருந்தாகவும் போய்விடும். கைத்தெளிப்பானுக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் நீர். மொத்த அளவில் 40 சதவீதத்தை, அதாவது 8 கிராமை, 15–20 சதவீதக் கதிர் தலைகாட்டியதும் அடியுங்கள். மீதி 12 கிராமை இரண்டு நாள் கழித்து அடியுங்கள். காலையில் பூ திறப்பதற்கு முன்போ மாலை 4 மணிக்கு மேலோ தெளிப்பது நல்லது. பூ திறந்திருக்கும் நேரத்தில் நனைத்தால் மகரந்தம் கெடும்.

நேரம் தவறுவதுதான் கணக்குப் பிழைக்கு அடுத்த பெரிய சேதம். தொண்டைக்கதிரிலேயே அடித்தால் கீழ்க் கணுவிடைகள் நீண்டு பயிர் சாயும், கதிர் அப்படியே இருக்கும். பாதிக்கு மேல் கதிர் வந்தபின் அடித்தால் மேல் கணுவிடைச் செல்கள் முற்றியிருக்கும். ஏற்பி இருந்தும் பயனில்லை, செல்சுவர் இளகாது.

தண்ணீரையும் கவனியுங்கள். ஜிஏ3 மெல்லிய அமிலம். காரம் ஏறிய ஆழ்துளைத் தண்ணீரில் அதன் கார்பாக்சில் முழுக்க மின்னேற்றம் பெற்றுவிடும். மெழுகு படிந்த இலைத்தோலை அந்த வடிவில் கடப்பது கடினம். காரம் அதிகமானால் இன்னொரு கேடு. லாக்டோன் பாலத்தின் ஒரு கால் 10ஆம் கார்பனிலிருந்து கழன்று 2ஆம் கார்பனில் போய் ஊன்றிக்கொள்ளும். எடை அதே, வாய்பாடு அதே. ஆனால் அது ஐசோ ஜிஏ3, ஏற்பிக்கு வேண்டாதது. ஒரு காலை வேளையில் டேங்குக்குள் இது பெரிதாக நடந்துவிடாது. முதல் நாள் கரைத்த மிச்சத்தை இரண்டாம் தெளிப்புக்கு என்று கொட்டகையில் வைப்பவர்களுக்குத்தான் நட்டம். சிட்ரிக் அமிலம் சிறிது சேர்த்துப் பிஎச் 5–6க்கு இறக்கிக்கொள்ளுங்கள். அன்றன்றைக்குக் கரையுங்கள். போர்டோ கலவை, சுண்ணாம்புக் கந்தகம் போன்ற காரச் சரக்கோடு சேர்க்கவே வேண்டாம்.

மருந்துச் செலவு இல்லாமலே கதிர் நீளும் வழியும் ஒன்று உண்டு. நெல்லில் இயுஐ என்ற மரபணு ஜிஏ4இன் 16, 17ஆம் கார்பன்களுக்கு நடுவே உள்ள இரட்டைப் பிணைப்பில் ஆக்சிஜனை ஏற்றி அதைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தருகிறது. அந்த மரபணு பழுதான வரிசைகளில் ஜிஏ4 மேல் கணுவிடையில் தேங்கி, கதிரைத் தானாகவே வெளியே தள்ளும். வாங்கும் பெண் வரிசையில் இந்தக் குணம் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று விதை கொடுப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் தெளிப்பு அளவு வெகுவாகக் குறையும்.

கேள்வி: நெல்லின் ஏற்பியில் ஜிஏ4தான் மிக இறுக்கமாக ஒட்டுகிறது என்று படித்தேன். பிறகு ஏன் கடையில் ஜிஏ3?
— வேளாண் கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

படித்தது சரி. 13ஆம் கார்பனில் ஹைட்ராக்சில் இல்லாத ஜிஏ4, அது உள்ள ஜிஏ1, ஜிஏ3 இரண்டையும்விடப் பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். ஆனால் வயலில் அடித்தபின் எத்தனை நாள் நிற்கிறது என்பது வேறு கணக்கு. ஜிஏ1க்கும் ஜிஏ3க்கும் வித்தியாசம் முதல் வளையத்தில் 1, 2ஆம் கார்பன்களுக்கு இடையே உள்ள ஓர் இரட்டைப் பிணைப்பு மட்டும். அது இருப்பதால் 2-ஆக்சிடேஸ் அங்கே ஹைட்ராக்சில் ஏற்ற முடியாது. ஜிஏ4க்கு அந்தக் காப்பு இல்லை. செடியே அதைச் சீக்கிரம் முடித்துவிடும். பிடி சற்றுத் தளர்ந்தாலும் ஜிஏ3 நெடுநேரம் நின்று ஆட்டிவைக்கும். போதாததற்கு, ஜிப்ரலின் சுரக்கும் பூஞ்சையை நொதிக்கவைத்தால் ஜிஏ3 தாராளமாகக் கிடைக்கிறது. ஜிஏ4உம் ஜிஏ7உம் கலந்த சரக்கும் விற்பனையில் உண்டு. ஆப்பிள் தோல் சொரசொரப்பாவதைக் குறைக்க அதைத் தெளிக்கிறார்கள்.

கேள்வி: ஐஆர்8 நெல்லும் மெக்சிகோ கோதுமையும் குட்டையானது ஒரே மரபணுவாலா?
— ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், கும்பகோணம்

இல்லை ஐயா, நேர் எதிர். 1966இல் வந்த ஐஆர்8, தீ-ஜியோ-வூ-ஜென் என்ற தைவான் ரகத்திலிருந்து எடுத்துக்கொண்ட எஸ்டி1 மரபணுவில் 383 எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. அது 20-ஆக்சிடேஸ் நொதிக்கான மரபணு. 20ஆம் கார்பனைக் கழித்து லாக்டோன் பாலம் கட்டுவது அந்த நொதிதான். அதாவது நெல்லில் ஹார்மோன் தயாரிப்பு குறைந்தது. பூவில் இன்னொரு 20-ஆக்சிடேஸ் மரபணு வேலை செய்வதால் மணிபிடிப்பு கெடவில்லை.

மெக்சிகோ கோதுமை, நோரின் 10 என்ற ஜப்பானியக் குட்டை ரகத்தின் வழிவந்தது. அதில் ஹார்மோன் நிறையவே இருக்கிறது. அங்கே டெல்லா புரதத்தின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, முன்பகுதி இல்லாத பிரேக் உருவாகிறது. ஏற்பி பிடிக்க வேண்டிய இடமே இல்லாததால் அந்தப் பிரேக் அப்புறப்படுவதில்லை. ஆகவே ஐஆர்8 வழி நெல்லில் ஜிஏ3 அடித்தால் விறுவிறுவென்று நீளும். கோதுமையில் 10 பிபிஎம் ஜிஏ3 தெளித்து நீளாத நாற்றுகளைக் குட்டை மரபணு உள்ளவை என்று நாற்றுப் பருவத்திலேயே பொறுக்கிவிடலாம். அந்தக் கோதுமைக்கு முளையுறையும் குட்டை என்பதால் 5 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாக விதைத்தால் முளை மண்ணுக்குள்ளேயே திணறும்.

'தூர் கூடும், கதிர் பெருக்கும்' என்று சாதாரண நெல்லுக்கு ஜிஏ3 தூளை விற்பவர்களைப் பற்றியும் இதே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். குட்டை நெல்லைப் பணம் கொடுத்து நெட்டையாக்கிச் சாய்ப்பது எங்களுக்குப் புரியாத விவசாயம்.

கேள்வி: பயிர் சாயாமல் இருக்கக் குளோர்மெக்வாட், பாக்ளோபூட்ரசால், டிரினெக்சாபாக் என மூன்று சொல்கிறார்கள். மூன்றும் ஒன்றுதானா? அளவு கூடிவிட்டால் மாற்று என்ன?
— உழவர் உற்பத்தியாளர் குழு, பெரம்பலூர்

மூன்றும் ஜிப்ரலின் தயாரிப்பைத்தான் நிறுத்துகின்றன, ஆனால் வேறு வேறு வாசலில். குளோர்மெக்வாட் முதல் வளையங்கள் மூடிக்கொள்வதையே தடுக்கும். பாக்ளோபூட்ரசாலின் டிரையசோல் வளையத்திலுள்ள நைட்ரஜன், தயாரிப்பின் தொடக்கப் படியில் வேலை செய்யும் கௌரின் ஆக்சிடேஸ் நொதியின் நடுவே இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். டிரினெக்சாபாக், 3-ஆக்சிடேஸ் பயன்படுத்தும் 2-ஆக்சோகுளூட்டாரிக் அமிலத்தைப் போலவே வேடம் போட்டு அதன் இடத்தில் உட்காரும், கடைசி நேரத்தில் 3ஆம் கார்பனில் ஆக்சிஜன் விழாமல் செய்யும்.

மூன்றுமே ஏற்பியையோ பிரேக்கையோ தொடுவதில்லை. எனவே அளவு கூடி முடங்கிய பயிரில் ஜிஏ3 தெளித்தால் மீளும். 10 பிபிஎம் கரைசலை நாலைந்து குத்துக்கு மட்டும் அடித்து, நாலு நாள் பார்த்துவிட்டுப் பிறகு வயலுக்குப் போங்கள். பாக்ளோபூட்ரசால் மண்ணில் நெடுநாள் தங்கும், அடுத்துப் போடும் பயிரையும் முடக்கும். நெல்லுக்குப் பின் உளுந்து, பயறு விதைப்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

கேள்வி: நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் மற்றவற்றைவிட ஒரு சாண் உயர்ந்து, வெளிறி, ஒல்லியாக நிற்கின்றன. பிடுங்கி நட்டவை பட்டுப்போகின்றன. உரம் கூடிவிட்டதா?
— விவசாயி, திருவாரூர்

உரமல்ல, பூஞ்சை. ஜப்பானில் 'பக்கானே' என்பார்கள், 'பைத்தியக்கார நாற்று' என்று பொருள். ஜிப்ரலின் கண்டுபிடிக்கப்பட்டதே இந்த நோயால்தான். 1926இல் தைவானில் குரோசாவா இந்தப் பூஞ்சை வளர்ந்த நீரை வடிகட்டி நாற்றுக்கு ஊற்றினார்; பூஞ்சையே இல்லாமல் நாற்று நெட்டையானது. 1935இல் யபுதா அந்தப் பொருளுக்கு ஜிப்ரலின் என்று பெயர் வைத்தார். பூஞ்சை சுரப்பது ஜிஏ3. கோயம்புத்தூர் மாணவருக்கான பதிலில் சொன்ன இரட்டைப் பிணைப்பால் நெல்லால் அதை எளிதில் அழிக்க முடியவில்லை. நாற்றின் டெல்லா இடைவிடாமல் அரைபட, அது நிறுத்தாமல் நீள்கிறது.

நாற்றைப் பிடுங்கிப் பாருங்கள்: மண்ணுக்கு மேல் உள்ள கணுவில் வேர் விட்டிருக்கும், தூரடியில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூசணம் இருக்கும். அப்படிப்பட்டவற்றை நடாமல் எரித்துவிடுங்கள். இந்த வயலின் நெல்லை விதைக்கு எடுக்க வேண்டாம், பூஞ்சை விதையோடுதான் வருகிறது. அடுத்த முறை முட்டை மிதக்கும் பதத்தில் உப்புக் கரைசல் செய்து, மிதக்கும் சண்டு நெல்லை அரித்துவிட்டு, மூழ்கியதை உப்புப் போக இரண்டு மூன்று முறை கழுவுங்கள். பிறகு கிலோ விதைக்கு 2 கிராம் கார்பன்டாசிம் ஒரு லிட்டர் நீரில் கரைத்து ஊறவைத்து விதையுங்கள். சில இடங்களில் பூஞ்சை இந்த மருந்துக்குப் பழகிவிட்டது. அப்படியும் நோய் வந்தால் வெந்நீர் முறைக்கு மாறலாம்: 60 டிகிரி நீரில் சரியாக 10 நிமிடம், எடுத்தவுடன் குளிர்ந்த நீரில் முக்கி ஆற்ற வேண்டும். விதை உலர்ந்திருக்க வேண்டும், ஊறிய விதையை 60 டிகிரியில் போட்டால் கருமுளை வெந்துவிடும். மூட்டையோடு அமுக்காமல் சிறு வலைப்பைகளில் போடுங்கள், அப்போதுதான் நடுவிலுள்ள நெல்லுக்கும் சூடு எட்டும்.